மேலே பார்த்தால் ஆமாம்

ஆகஸ்ட் 25, ஞாயிறு

என் பேரன் தினகரன் ஆடிட்டர் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்து சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். பேத்தி மிருதுளா பெங்களூரில் மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன வருஷம் ஜெர்மனிக்குப் போய் வெள்ளைக்காரர்கள் முன்னால் பேசிவிட்டு வந்தாள். பேரன் அகிலன் விவசாயக் கல்லூரியில் தங்க மெடல் வாங்கினான். சின்னப் பேத்தி நவீனா மாவட்டத்தில் இரண்டாவதாக வந்து இப்போது சேலத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள்.

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். தினமும் காலையில் விளக்கு வைத்ததும் கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு நாலு பேரையும் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட இந்தத் தெய்வாத்தாளுக்கு இப்படி ஒரு வம்சம்.

இந்த நோட்டு மிருதுளா கொடுத்தது. "அம்மாயி, உங்க கை தானாச் செய்யற வேலையெல்லாம் தெனமும் எழுதி வைங்க. என் ஆராய்ச்சிக்கு வேணும்" என்றாள். இன்று கை செய்தது: பூண்டு உரித்தது, அரிசியில் கல் பொறுக்கியது. இரண்டையும் டிவி பார்த்துக்கொண்டே செய்தேன்.

வயிறு இன்னும் சரியாகவில்லை. ஒறம்பரை, சொந்தக்காரர் வீட்டு விருந்தில் தின்ற கோழி ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 27

போன மாதம் மிருதுளா வந்திருந்தபோது நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறாள்.

கேமராவை வைத்துக்கொண்டு, "தூளி எப்படிக் கட்டறதுன்னு சொல்லுங்க அம்மாயி" என்றாள். இந்தக் கையால் எத்தனை குழந்தைக்குக் கட்டியிருக்கிறேன். கையை வீசி வீசிச் சொன்னேன். பிறகு அவள் ஒரு துண்டை எடுத்து என் இரண்டு கையையும் பின்னால் கட்டிவிட்டு, "இப்பச் சொல்லுங்க" என்றாள்.

"சேலைய மேல போட்டு... அந்தப் பக்கமா வாங்கி... இல்ல, இந்தப் பக்கம்... அடப் போ புள்ள, கைய அவுத்து வுடு. அப்பத்தான் வரும்."

அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா! உங்க அறிவு கையிலயும் இருக்குது. மண்டைக்குள்ள மட்டும் இல்ல. உடம்ப வுட்டுட்டு மனசுன்னு தனியா ஒண்ணு கெடையாது அம்மாயி."

எனக்குப் பெருமையாக இருந்தது. படிக்காத பொம்பளையின் கையில் இருப்பதை ஜெர்மனியில் பேசுகிறார்கள்.

அந்த நேரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த தாரணி ஒரு சத்தம் போட்டது. தாரணி என் மகன் சிவசாமியின் நடுப் பிள்ளை, தினகரனுக்குத் தங்கை, நவீனாவுக்கு அக்காள். பிறக்கும்போதே மூச்சு முட்டிப்போய்விட்டது. கை கால் சொன்னதைக் கேட்காது, பேச்சு வராது. இருபத்தொரு வயசு. மருமகள் கோமதிதான் ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள். அது கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், கீழே போட்டால் இல்லை என்று கோமதி அதனோடு பேசிக்கொண்டே இருப்பாள். பெத்தவள் மனசு, நான் ஒன்றும் சொல்வதில்லை.

"அப்ப இதுக்கு?" என்று தாரணியைக் காட்டிக் கேட்டேன். "இதுக்கு உடம்பே கெடையாதுங்கற மாதரதான? அப்ப மனசும் இல்லதான?"

மிருதுளா கேமராவை அணைத்தாள். "அது... இன்னும் யோசிக்கோணும் அம்மாயி" என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

தினகரனுக்குப் பெண் கொடுக்கிற இடத்தில் இருந்து வந்திருந்தார்கள். காங்கேயத்துக்காரர்கள். நல்ல மனுசர்கள். சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைக் காட்டி நாலு பேரின் படிப்பையும் சொன்னேன். என் எழுபதாம் பிறந்தநாளுக்கு எடுத்தது. நான் நடுவில், பேரன் பேத்திகள் சுற்றி. கோமதி அதில் இல்லை. அன்றைக்குத் தாரணி கத்தியதால் அவள் அதை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

இன்றும் உள் ரூமில் இருந்து சத்தம் வந்தது. வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம்ம பையனோட ரெண்டாவது புள்ளைங்க. கொஞ்சம் மொடம். அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க காப்பி குடிங்க" என்றேன்.

கோமதி காப்பித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. காங்கேயத்து அம்மாள், "இத்தன புள்ளைகளையும் ஆளாக்கியிருக்கீங்களே, உங்க கைராசி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 3

கோயிலுக்குப் போய்த் திரும்பினேன். வாசலில் கோமதி, "ஏனுங்கத்தை, ஒத்தச் செருப்போட வாறீங்க?" என்றாள். பார்த்தால் இடது காலில் செருப்பில்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறேன்.

பழைய செருப்பு. வார் தளர்ந்துவிட்டது.

செப்டம்பர் 4

இன்று கை செய்தது: காப்பி டம்ளரைக் கீழே போட்டது. எண்ணெய்ப் பசை.

செப்டம்பர் 5

பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. இன்றைக்கு அந்த ஊறல் கைவிரல் நுனிக்கும் வந்திருக்கிறது. குளிர் காற்று.

எதற்கோ அக்கா பாவாத்தாள் நினைவு. கடைசியில் பெற்ற மகனையே "ஆருடா நீ, எங்கூட்டுக்குள்ள?" என்று கேட்டாள். முதலில் அவளுக்கும் கைதான் தடுமாறியது. சோறு போடப் போய்த் தட்டுக்கு வெளியே போட்டாள். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

செப்டம்பர் 6

சிவசாமி கடைக்குக் கிளம்பும்போது பிடித்து உட்கார வைத்தேன். இரும்புக் கடை வைத்திருக்கிறான். காலையில் லாரி வரும் நேரம்.

"டேய், உங்க பெரியம்மா மாதர எனக்கு அறிவு போயிருச்சுன்னா ஆஸ்பத்திரில போட்டு இழுக்க வுடாத. வூட்டுக்குக் கொண்டாந்துரு. உன் கையால பால் ஊத்தி அனுப்பிரு."

"என்னம்மா நீ, காலங்காத்தால? லாரிக்காரன் கத்தறான்."

"கையில அடிச்சுச் சொல்லு."

அடித்தான். அடித்ததைப் பார்த்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நீ கேட்டதால் உள்ளதை எழுதுகிறேன் மிருதுளா. ஆனால் இந்தப் பக்கத்தை உனக்குக் கொடுப்பேனா தெரியாது.

காலையில் விளக்கு வைத்துவிட்டு விரலைத் தொட்டேன். தொட்டது தெரியவில்லை. கட்டைவிரல் சுட்டுவிரல் மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. தினகரன் வந்தான். மிருதுளா வந்தாள். மோதிரவிரலில் பேர் வரவில்லை. தங்க மெடல் தெரிகிறது, பையன் முகம் தெரிகிறது, பேர் வரவில்லை. விளக்கின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பிறகு, அகிலன். அகிலன், அகிலன் என்று அடுப்படி வரை சொல்லிக்கொண்டே போனேன்.

அறிவு கையில் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். துண்டால் கட்டினதற்கே முடிச்சு மறந்து போனது. இப்போது கையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் பாதம், பிறகு விரல். அகிலன் இருந்த இடத்துக்கு வந்துவிட்டது.

மத்தியானம் உனக்குப் போன் போட்டேன். சும்மா கேட்கிற மாதிரி, "ஏஞ்சாமி, ஒருத்தருக்கு உடம்பு கொஞ்சங் கொஞ்சமா மரத்துப் போச்சுன்னா மனசும் அப்படியே போயிருமா?" என்றேன்.

"அப்படியும் ஒரு வாதம் இருக்குது அம்மாயி. ஏன், ஆருக்கு என்ன?"

"டிவில சொன்னாங்க" என்று வைத்துவிட்டேன்.

கோமதியிடம் சொன்னால் டாக்டரிடம் போவார்கள். டாக்டர் பேர் கேட்பார், கிழமை கேட்பார். அக்காவிடம் அப்படித்தான் கேட்டார்கள். சொல்லத் தெரியாமல் அவள் புடவைத் தலைப்பைத் தின்றாள்.

செப்டம்பர் 9

படியேற முழங்கால் மடங்கவில்லை. கோமதி பார்த்தாள். "வாதக் காத்து" என்றேன்.

செப்டம்பர் 10

பேனாவைப் பிடித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எழுத்து என்னுடையது மாதிரி இல்லை. மூச்சு பாதியில் நிற்கிறது.

செப்டம்பர் 11

தினகரன். மிருதுளா. அகிலன். நவீனா. நாலும் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

இது மிருதுளாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். ஆஸ்பத்திரியில் சாதாரண ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட ஓட்டையை விரலால் மூடினால் எனக்குச் சத்தம் வருகிறது. அந்த விரலும் மிருதுளாவுடையதுதான். ஒரு கையால் மூடி, மறு கையால் எழுதுகிறாள்.

நடுவில் மூன்று மாதம் நோட்டில் இல்லை. ஆனால் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். கை இல்லாமல், தேதி இல்லாமல், உள்ளுக்குள். அதைச் சொல்கிறேன்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி அடுப்படியில் விழுந்தேன். காரில் கோயமுத்தூர் வருவதற்குள் நெஞ்சு மூச்சை இழுக்கவில்லை. வாயில் குழாய் வைத்து மெஷினில் போட்டார்கள். நரம்பு சம்பந்தமான நோய், வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில பேருக்கு வரும் என்றார் டாக்டர். காலில் ஆரம்பித்து மேலே ஏறுமாம். முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு தூரம் ஏறியிருக்காது என்றும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

டாக்டர் எல்லாம் தெளிவாகத்தான் சொன்னார். "நரம்புலதான் கோளாறு. மூளையில இல்ல. அவங்களுக்குக் காது கேக்கும். பேசுங்க" என்றார். சிவசாமி பேசவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கட்டிலில் கிடந்தது பேசுகிற பொருள் மாதிரி இல்லை. இமை பாதி மூடி, முகம் தொங்கி, கிள்ளினால் அசையாமல். வாசலுக்குப் போய், "டாக்டரு நம்ம மனசு தேத்தறதுக்குச் சொல்றாரு" என்று அவன் சரஸ்வதியிடம் சொன்னது கேட்டது. சரஸ்வதி என் மகள், மிருதுளாவின் அம்மா.

முதலில் கால் எங்கே என்று தெரியாமல் போனது. பிறகு கை. பிறகு நான் மல்லாந்து கிடக்கிறேனா குப்புறக் கிடக்கிறேனா என்பது. தூங்குவதும் முழிப்பதும் ஒன்றாகிவிட்டது. இனி அடுத்தது பேர்கள்தான் என்று காத்திருந்தேன். கிணற்றுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல.

சொல்லிப் பார்த்தேன். தொட விரல் இல்லை. தினகரன் வந்தான். மிருதுளா, அகிலன், நவீனா. ஆடிட்டர், ஜெர்மனி, மெடல், சேலம். ஒன்றும் போகவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் வந்தார்கள்.

தூளி முடிச்சை எடுத்துப் பார்த்தேன். அது வரவில்லை. சேலை மேலே போகிறது, அப்புறம் இருட்டு. எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். தட்டிக்கொடுக்கிற கை இல்லாததால் தாலாட்டின் இரண்டாவது அடியும் வரவில்லை. மிருதுளா சொன்னது பொய்யில்லை. கையில் இருந்தது கையோடு போய்விட்டது.

பயம் மட்டும் போகவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வயிறு கலங்கும், மூச்சு வாங்கும். என்னிடம் நெஞ்சும் இல்லை, வயிறும் இல்லை. மூச்சை மெஷின் அதன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு பயந்தாலும் அது ஒரு ஊது கூடுதலாக ஊதவில்லை, குறைக்கவும் இல்லை. உடம்பில் நிற்க இடமில்லாத பயம் அது. கத்த முடிந்தால் பாதி குறைந்திருக்கும்.

கத்துவது என்றதும் தாரணி நினைவு வந்தது. உள் ரூமில் இருந்து கத்துவாளே.

அந்த நினைப்பை அப்போதே தள்ளிவிட்டேன்.

பிறகு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. டாக்டர் வேறு மருந்து போடுகிறோம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அன்றைக்குச் சிவசாமி என் காதோரம் வந்து அழுதான். முதல் தடவையாக என்னோடு பேசினான்.

"அம்மா, நீ கையில அடிச்சு வாங்குன சத்தியத்த மறக்கலம்மா. வூட்டுக்குப் போயிரலாம். வண்டி சொல்லிட்டேன்."

இல்லடா பாவி, அறிவு போனால் என்றுதானே சொன்னேன், போகலையே, இங்கேதானே இருக்கிறேன் என்று கத்தினேன். மெஷின் ஊதியது. கட்டிலில் கிடந்ததற்கு ஒரு மயிர் கூட அசையவில்லை. வீட்டில் மெஷினைக் கழற்றுவார்கள். ஒறம்பரை கூடியிருக்கும். என் மகன் கரண்டியில் பால் எடுப்பான். எல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டே நடக்கும்.

அப்போதுதான் கோமதி குரல் கேட்டது. அவளுக்கு என்னைப் பார்க்க வர நேரம் கிடைப்பதில்லை. தாரணியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வந்திருந்தாள். மிருதுளாவும் கூட நின்றாள்.

"ஒரு வார்த்த அத்தைகிட்டக் கேட்டுட்டுப் போலாமுங்க."

"ஆருகிட்டடி கேக்கறது?" என்றான் சிவசாமி. "அம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது கோமதி."

அந்த வார்த்தையை அவன் என்னிடம்தான் கற்றிருந்தான்.

கோமதி கட்டில் பக்கம் வந்தாள். குனிந்து கட்டைவிரலால் என் இமையைத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் வந்தது, அவள் முகம் வந்தது.

"அத்தை, நம்ம தாரணிகிட்டப் பேசற மாதரயே பேசறேன். ஆமான்னா மேல பாருங்க. இல்லீன்னா கீழ. நான் கோமதிதானுங்களே?"

இருபது வருஷமாக அவள் அந்தப் பிள்ளையிடம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனால் அந்த முறை தெரிந்திருந்தது. கண்ணை மேலே தள்ளினேன். நிறைந்த குடத்தைத் தலைக்கு ஏற்றுகிற மாதிரி இருந்தது. ஏறியது.

"பாத்தீங்களாங்க!" என்றாள் கோமதி.

"அத்தை, இருங்க" என்றாள் மிருதுளா கோமதியிடம். "கண்ணு தானாக்கூட மேல உருளும். இல்லைன்னு வர மாதிரி ஒண்ணு கேளுங்க."

"நான் உங்க மக சரஸ்வதிங்களா?"

கீழே இழுத்தேன்.

சிவசாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கோமதி மறுபடி குனிந்தாள்.

"வூட்டுக்குப் போலாமுங்களா அத்தை?"

அதற்குள் கண் களைத்துவிட்டது. களைத்தால் அது தானாக மேலே சொருகும். மேலே போனால் ஆமாம். மேலே போனால் வண்டி, கரண்டி, பால். கோமதியின் முகம் நழுவிக் கீழே போவது தெரிந்தது. முகம் கீழே போகிறது என்றால் என் கண் மேலே ஏறுகிறது. கண்ணில் இருந்த இரண்டு நூலையும் பிடித்து இழுத்தேன். அவள் நெற்றிப் பொட்டு வந்தது. மூக்குத்தி வந்தது. வாய் வந்தது. அவள் சேலையின் மடிப்பு வரைக்கும் இழுத்து, அங்கேயே பிடித்துக்கொண்டு கிடந்தேன். விட்டால் ஆமாம் ஆகிவிடும் என்று விடாமல் பிடித்திருந்தேன்.

"போதுமுங்கத்தை, போதும். எங்கயும் போகல" என்று கோமதி என் இமையை மூடிவிட்டாள். வெளியே என் மகன் வாய்விட்டு அழுவது கேட்டது.

இங்கே மிருதுளா பேனாவை வைத்துவிட்டாள். என் தொண்டையில் இருந்த விரலையும் எடுத்துவிட்டதால் எழுது புள்ள என்று சொல்ல எனக்குக் குரல் இல்லை. கண்ணால் பேனாவைக் காட்டினேன். விரலை மறுபடி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப உடம்பு இல்லாமயே மனசு இருந்துச்சுங்களா அம்மாயி? நான் படிச்சதெல்லாம் தப்பா?"

"முடிச்சு போயிருச்சு சாமி. அது உன் கட்சி. ஆனா போயிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தாளே, அவ எங்க உக்காந்திருந்தா? அதப் படி."

பிப்ரவரி 16, ஞாயிறு

கோமதி எழுதுகிறாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம். மாடி ஏற முடியாததால் என் கட்டிலைத் தாரணியின் ரூமில் போட்டிருக்கிறார்கள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். கோமதி முதலில் அவளைப் புரட்டிவிடுவாள், அப்புறம் என்னை.

நேற்று ராகிக் களி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். "ரெண்டு பேர்ல பெரிய கொழந்த நீங்கதானுங்கத்தை. சின்னது சொன்னபடி சாப்பிடுது" என்றாள் கோமதி. பக்கத்துக் கட்டிலில் இருந்து க்ளுக் என்று சிரிப்பு. கோமதி சொல்லி முடித்த உடனே, சரியான இடத்தில். எல்லோரும் சிரிக்கிற இடத்தில்.

அதற்கு முன்னாலும் அவள் அப்படிச் சிரித்திருப்பாளே.

(இதை எழுதவா அத்தை என்று கேட்கிறேன். எழுது என்கிறார். — கோமதி)

பிப்ரவரி 23

இன்றும் கோமதிதான் எழுதுகிறாள். பகலில் அவள் துணி துவைக்கப் போனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். தாரணி என்னைப் பார்க்கிறாள். நான் சுவர்ப் பக்கம் திரும்ப முடியாது. கோமதி வந்து புரட்டும் வரை அவள் முகத்துக்கு நேராகத்தான் கிடக்க வேண்டும். கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடக்கிறேன். ஆஸ்பத்திரியில் கண் திறக்கத் தவம் கிடந்தவள், இங்கே மூடிக்கொள்கிறேன்.

இந்த ரூம் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். ஹாலில் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. நேற்று சிவசாமி போனில் பேசியது கேட்டது, பால்காரர் பேசியது கேட்டது. காங்கேயத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த சோபா கதவுக்கு நேர் எதிரே.

தாரணியிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது குரல் நன்றாக வருகிறது. கேட்க முடியவில்லை. பதில் ஒரு கண் அசைவுதான். அதுதான் பயமாக இருக்கிறது.

மே 12, திங்கள்

இது என் கை. பார்த்தாலே தெரியும், கோழி கிளறினது போல. விரலுக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். தூளி முடிச்சைத் துண்டில் போட்டுப் பழகுகிறேன். பாதி தூரம் போய் அவிழ்ந்துவிடுகிறது. தாரணி பார்த்துச் சிரிக்கிறாள்.

லீவுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நேற்று தினகரன் போட்டோ எடுக்கலாம் என்றான். போனை ஸ்டூலில் நிறுத்தி, தானாக எடுக்கிற மாதிரி வைத்தான். நான் வாக்கர் பிடித்து நின்றேன்.

"அப்பத்தா, நடுவுல சேர்ல உக்காருங்க" என்றாள் நவீனா.

"நடுவுல வெக்கறதுக்குத்தான் ஒரு சேர் இருக்குதே" என்றேன்.

அவர்களுக்குப் புரிய நேரமாயிற்று. கோமதிதான் முதலில் போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அவ கத்துவா, படம் கெட்டுரும்" என்றான் சிவசாமி. "கத்தட்டும், படத்துல சத்தம் கேக்காது" என்றேன். அகிலன் சிரித்துவிட்டான். தாரணியும்.

நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். மறு பக்கம் கோமதி. தினகரன் ஓடி வந்து பின்னால் நின்றான். போன் டிக் டிக் என்று எண்ணத் தொடங்கியது. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது. வாக்கரை இறுக்கிப் பிடித்தேன். குனிந்து அவள் காதில் கேட்டேன்:

"சாமி, நான் பேசுனதெல்லாம் உனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சா?"

அப்போதுதான் போன் படம் எடுத்தது.

தினகரன் பார்த்துவிட்டு, "ச்சே, அப்பத்தா குனிஞ்சுட்டீங்க. தாரணி கண்ணு எங்கயோ மேல போயிருச்சு. இன்னொண்ணு எடுக்கலாம்" என்றான். இன்னும் நாலு எடுத்தான். அதில் எல்லோரும் நேராகப் பார்க்கிறோம். முதல் படத்தில் கண்ணைக் கம்ப்யூட்டரில் சரி செய்துவிடலாம் என்றும் சொன்னான். கோமதி மட்டும் அந்தப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன கேட்டேன் என்று கேட்கவில்லை.

இன்று காலை விளக்கு வைத்துவிட்டு விரலைப் பார்த்தேன். தினகரன், மிருதுளா, அகிலன், நவீனா. இத்தனை வருஷம் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்த கட்டைவிரலுக்குப் பேர் வைக்கவில்லை. தாரணி என்று சொன்னேன். உள் ரூமில் இருந்து சத்தம் வந்தது.

மிருதுளா, நீ இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போகிறாய். போனதும் ஒரு வேலை செய். தினகரனிடம் அந்த முதல் படத்தை வாங்கு, அவள் கண் மேலே போயிருக்கிற படத்தை. கண்ணைச் சரி செய்ய விடாதே. போனில் அனுப்பாதே, என் கைக்குப் போன் பிடிபடவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு. சுவரில் இருக்கும் பழைய படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டேன். ஆணி காலியாக இருக்கிறது.